கடையில் திருடியதாகப் பிடித்தால்: முதல் வழக்கில் செய்ய வேண்டியவை

காரைக்குடியில் ஒரு ஜவுளிக் கடை. பில் போடாத கண்டாங்கிச் சேலை ஒன்று பைக்குள் இருந்ததாகச் சொல்லி வாசலில் நிறுத்திவிட்டார்கள். பெரும்பாலோர் கெட்டுப்போவது அடுத்த பத்து நிமிடத்தில்தான்.

ஓடாதீர்கள், கையைத் தட்டிவிடாதீர்கள். "பில் போட விட்டுப்போச்சு, இப்பவே கட்டிடுறேண்ணே" என்று ஒரு முறை சொன்னால் போதும். "எழுதிக் கொடுத்துட்டுப் போ" என்பார்கள். அந்த மன்னிப்புக் கடிதத்தில்தான் வம்பே. போலீசிடம் கொடுக்கும் ஒப்புதல் நீதிமன்றத்தில் செல்லாது. கடைக்காரரிடம் மனமறிந்து எழுதிக் கொடுத்ததோ சாட்சியமாகிவிடும். பணம் கட்டினால் ரசீது கேட்டு வாங்குங்கள். "திருடினேன்" என்ற சொல் எந்தத் தாளிலும் வேண்டாம்.

அடுத்தது பொருளின் மதிப்பு. பழைய ஐ.பி.சி.க்குப் பதில் வந்த குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 303(2)-இல் திருட்டுக்கு 3 ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். பொருள் 5,000 ரூபாய்க்குக் குறைவாக இருந்தால் ஜாமீன் உரிமையாகக் கிடைக்கும். மாஜிஸ்திரேட் உத்தரவில்லாமல் போலீஸ் விசாரிக்கவோ வாரண்ட் இல்லாமல் கைது செய்யவோ முடியாது. கடைக்காரர் தாமே ஆளைப் பிடிக்கலாம் என்பதும் கண்முன் நடந்த, ஜாமீனில் விட முடியாத, போலீஸ் நேரடியாகக் கைது செய்யக்கூடிய குற்றத்துக்குத்தான். பிடித்தாலும் தாமதிக்காமல், அதிகபட்சம் 6 மணி நேரத்துக்குள் போலீசிடம் ஒப்படைத்தாக வேண்டும்.

சேலை என்றால் விலைச்சீட்டு இருக்கும். முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் சிக்கலே வேறு. ஒரு பித்தளைக் கூஜாவுக்கோ எனாமல் தூக்குக்கோ ஒட்டிய விலை ஏது? புகாரில் 6,000 என்று எழுதினால் ஜாமீன் நிலையே மாறிவிடும். மதிப்பு எப்படிப் போடப்பட்டது, கொள்முதல் பில் இருக்கிறதா என்று முதல் நாளே வக்கீல் மூலம் கேளுங்கள். சிசிடிவி பதிவு சில வாரங்களில் அழிந்துவிடலாம். நீங்கள் பில் கவுன்டர் பக்கம் போனது அதில் இருந்தால், எடுத்து வைக்கச் சொல்லி உடனே எழுத்தில் கேளுங்கள்.

இன்னொன்றையும் பாருங்கள்: எஃப்.ஐ.ஆரில் பிரிவு 305 இருக்கிறதா? பொருள் வைத்துப் பாதுகாக்கும் கட்டடத்தில் திருட்டு என்று கடைத் திருட்டையும் அதில் போடுவது உண்டு. 7 ஆண்டு வரை தண்டனை, ஜாமீனில் விட முடியாத பிரிவு, சமரசமும் கிடையாது. ஆனாலும் 7 ஆண்டு வரையான குற்றம் என்பதால், கைதுக்குக் காரணம் இல்லாதபோது பி.என்.எஸ்.எஸ். (கைது, ஜாமீன், விசாரணை நடைமுறைக்கான சட்டம்) 35(3)-இல் ஆஜராகும்படி நோட்டீஸ்தான் தர வேண்டும். நோட்டீஸ் வந்தால் கட்டாயம் போங்கள். போகாமல் விட்டால் அதுவே கைதுக்குக் காரணமாகும்.

கைது செய்தால் காரணம் சொல்ல வேண்டும், வீட்டாருக்குத் தகவல் தர வேண்டும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். பெண்களை விதிவிலக்கான சூழல் தவிர இரவில் கைது செய்யக் கூடாது. 18 வயதுக்கு உட்பட்டவர் என்றால் லாக்கப் கிடையாது. சிறார் நீதிக் குழுமம்தான்.

வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் சட்ட உதவி எண் 15100-க்கு அழையுங்கள். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு.

இனி முடிக்கும் வழி. மதிப்பு 5,000-க்குள், முதல் தண்டனை, பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்தாயிற்று என்றால் தண்டனை சமூக சேவை மட்டுமே. "ஒத்துக்கிட்டா ரெண்டு நாள் கூட்டிப் பெருக்கிட்டு வந்துரலாம்" என்று யாராவது சொல்வார்கள். அவசரப்படாதீர்கள், அதுவும் தண்டனைதான். குற்றவாளி என்ற பதிவு நிற்கும். 303(2) வழக்கைப் பொருளின் உரிமையாளர் சமரசம் செய்துகொள்ளலாம். அது விடுதலைக்குச் சமம். சிங்கப்பூர், மலேசியா வேலைக்குப் போக நினைப்பவர் முதலில் இதைத்தான் முயல வேண்டும். கையெழுத்து உரிமையாளருடையதாக இருக்க வேண்டும். மேனேஜர் என்றால் அதிகாரக் கடிதம் கேளுங்கள். வழக்கு நீதிமன்றத்துக்குப் போன பிறகு ஸ்டேஷனில் எழுதிய சமாதானத் தாள் மட்டும் வழக்கை முடிக்காது. அதை மாஜிஸ்திரேட் முன் பதிவு செய்ய வேண்டும்.

சமரசம் படியாவிட்டால் 1958-ஆம் ஆண்டு நன்னடத்தைச் சட்டத்தில் (Probation of Offenders Act), சிறைக்கு அனுப்பாமல் விடுவிக்கக் கேட்கலாம். வழக்கு நிலுவையில் இருக்கும்போது பாஸ்போர்ட் வேண்டுமானால் வழக்கை மறைக்காமல் நீதிமன்ற அனுமதி வாங்கி விண்ணப்பியுங்கள்.