எஸ்806 பிழை: ஜெனரேட் ஆன அறிக்கை நிரலை டிஎஸ்ஓவில் ஓட்டியது எப்படி

ஹட்டனில் வீட்டிலிருந்தே மெயின்பிரேம் (பெரிய நிறுவனங்களின் பெருங்கணினி) வேலை பார்க்கிறேன். ஜெனரேட்டர் (நிரலைத் தானே எழுதும் மென்பொருள்) எழுதித் தந்த கோபோல் மொழி அறிக்கை நிரல் பிழையின்றி கம்பைல் ஆனது. டிஎஸ்ஓவில் (மெயின்பிரேமில் நேரடியாகக் கட்டளை கொடுக்கும் இடம்) ஓட்டினால் மட்டும் எஸ்806, அதாவது லோட் மொட்யூல் (ஓடத் தயாரான நிரல்) கிடைக்கவில்லை. அது இருந்த லைப்ரரி என் லாகன் ப்ரொசீஜரின் (உள்நுழையும்போது ஓடும் அமைப்பு) ஸ்டெப்லிப்பில், அதாவது நிரலைத் தேடும் லைப்ரரிப் பட்டியலில், இல்லை. அதை மாற்றும் உரிமையும் எனக்கில்லை.

டிஎஸ்ஓவின் மெனுத் திரைகளான ஐஎஸ்பிஎஃப்பை விட்டு முழுக்க வெளியே வந்து, திரையில் ‘ரெடி’ தெரியும் இடத்தில் தேடும் பட்டியலில் லைப்ரரியைச் சேர்க்கும் டிஎஸ்ஓலிப் ஆக்டிவேட் கட்டளையில் அந்த லைப்ரரியின் பெயரைக் கொடுத்தேன். பிறகு மறுபடி ஐஎஸ்பிஎஃப்புக்குள் போனதும் நிரல் ஓடியது. ஐஎஸ்பிஎஃப்புக்குள் இருந்தபடி கொடுத்தால் ஏற்காது. புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு முதலில் சொல்லித்தர வேண்டியது இதைத்தான்!

அறிக்கைக்கான டிடியையும் (நிரல் தன் கோப்பை அழைக்கும் பெயர்) அலொகேட் செய்யுங்கள், அதாவது ஒரு கோப்போடு இணையுங்கள்: வடிவம் எஃப்பிஏ (அச்சுக் குறியுள்ள, ஒரே நீள வரிகள்), வரி நீளம் 133. முதல் எழுத்து அச்சுக் கட்டுப்பாட்டுக் குறி, மீதி 132 அச்சுக்கு.

மழைக்கு லைன் அறுந்தால் உடனே லாகனில் ரீகனெக்ட் (பழைய அமர்வோடு மறுபடி இணைவது) கொடுத்துப் பாருங்கள். புது லாகன் என்றால் டிஎஸ்ஓலிப், அலொகேட் எல்லாவற்றையும் மறுபடி கொடுக்க வேண்டும்.