தடுப்பூசிக் குறுஞ்செய்தி: நான் செய்த தவறுகளை நீங்கள் செய்யாதீர்கள்

குழந்தையின் தடுப்பூசி நாளைப் பெற்றோருக்குக் குறுஞ்செய்தியில் நினைவூட்டும் வேலையைப் புதிதாகத் தொடங்கிய இரண்டு குழுக்களை அண்மையில் பார்த்தேன். பல வருடங்களுக்கு முன் நான் இடறிய அதே இடங்களில் அவர்களும் இடறிக்கொண்டிருந்தார்கள். எண்ணைத் தப்பாகப் பதிவது, நள்ளிரவில் அனுப்புவது போன்றவற்றை யாரும் சொல்லாமலே திருத்திக்கொள்வார்கள். மற்றவற்றைச் சொல்கிறேன்.

பிறந்த தேதியை வைத்தே எல்லாத் தேதியையும் போடுவது

இன்றும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். பல நாடுகளில் முதல் மூன்று தவணைகள் 6, 10, 14ஆம் வாரங்களில் வருகின்றன. பிறந்த தேதியைக் கொடுத்தால் மூன்று தேதிகளையும் கணினி நொடியில் தந்துவிடும். ஆனால் குழந்தைகள் பட்டியல்படி வருவதில்லை.

எங்களிடம் பதிந்த ஒரு குழந்தைக்கு 6ஆம் வாரத்தில் காய்ச்சல், அப்புறம் வீட்டில் ஒரு சாவு. முதல் தவணை 9ஆம் வாரத்தில்தான் போடப்பட்டது. 10ஆம் வாரம் வந்ததும் "நாளை இரண்டாம் தவணை" என்று எங்கள் செய்தி போய்விட்டது. அந்த அம்மா வேலைக்குப் போகாமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து வரிசையில் நின்றார். தவணைகளுக்கு நடுவே குறைந்தது நான்கு வாரம் இடைவெளி வேண்டும். அட்டையைப் பார்த்த செவிலியர் திருப்பி அனுப்பினார். அவர் செய்தது சரி. குழந்தை வரவேண்டியது 13ஆம் வாரம். அந்த வாரம் எங்களிடமிருந்து ஒன்றுமே போகவில்லை. 14ஆம் வாரம் "மூன்றாம் தவணை" என்று போனது. இரண்டாவதே போடாத குழந்தைக்கு!

போன் செய்தபோது அவர் சொன்னது: "உங்க மெசேஜை நம்பி ஒரு நாள் கூலி போச்சுங்க. இனி நானே பாத்துக்கறேன்." இரண்டாம் தவணைக்கு அவர் வந்தபோது குழந்தைக்கு ஏழு மாதம். இந்த ஊசி தடுக்கும் நோய்களில் ஒன்றான கக்குவான் இருமல் மிகக் கடுமையாகத் தாக்குவது அதற்கு முந்தைய அந்தச் சில மாதங்களில்தான்.

இந்த மாதிரித் தவணைகளில் அடுத்த தேதியை எப்போதும் கடைசியாக ஊசி போட்ட நாளிலிருந்து கணக்கிடுங்கள். போட்ட விவரம் அன்றே பதிவாக வேண்டும். பதிவு வராவிட்டால் அடுத்த செய்தியை நிறுத்திவைத்து, போன் செய்து கேளுங்கள். தெரியாமல் அனுப்பும் ஒரு செய்தி, சரியாக அனுப்பிய பத்தின் மதிப்பையும் கெடுத்துவிடும்.

போன் வைத்திருப்பவரே குழந்தையைக் கொண்டுவருவார் என்று நினைப்பது

போன் வைத்திருப்பவர், குழந்தையைக் கொண்டுவருபவர் என இருவரின் எண்ணையும் கேட்டு வாங்குங்கள்.

நாள் தவறியவர்களை விட்டுவிடுவது

தேதி போய்விட்டால் முதலிலிருந்து போட வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். திட்டு விழும் என்றும் பயப்படுகிறார்கள். விட்ட தவணையிலிருந்து தொடர்ந்தால் போதும். அதைச் செய்தியிலேயே எழுதுங்கள்.

குழந்தை இறந்துபோன வீடு

பெயரை உடனே நீக்கும் வழி முதல் நாளிலிருந்தே இருக்க வேண்டும். எங்களிடம் இல்லாமல் இருந்தது.

செய்தி போனால் எல்லாரும் வந்துவிடுவார்கள் என்பது

கடிதம், போன், குறுஞ்செய்தி என எல்லா நினைவூட்டல்களையும் சேர்த்துப் பார்த்த 2018 காக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் அமைப்பு) தொகுப்பாய்வில், தடுப்பூசி போட்டவர்களின் விகிதம் சராசரியாக 8 சதவீதப் புள்ளிகள் கூடியது. மேற்குக் கென்யாவில் நடந்து 2017இல் வெளியான சோதனையில், செய்தி பெறாதவர்களில் 82 சதவீதக் குழந்தைகள் எல்லாத் தடுப்பூசிகளையும் பெற்றிருந்தன. செய்தி மட்டும் போனவர்களில் 86. அதோடு ஒவ்வொரு முறையும் 200 ஷில்லிங் கொடுத்தபோது 90. பெற்றோர் வராததற்கு மறதி மட்டும் காரணமல்ல. வழிச்செலவும் கூலியும் இருக்கின்றன. அழைப்பதற்கு முன் மருந்து இருப்பில் இருக்கிறதா என்றாவது பாருங்கள்.

160 எழுத்து இருக்கிறது என்று நம்புவது

அது ஆங்கிலத்துக்கு. தமிழில் ஒரு செய்திக்கு 70 இடம்தான். தாண்டினால் இரண்டாக உடைந்து செலவும் இரட்டிப்பாகும். புள்ளியும் துணைக்குறியும் தனித்தனி இடம் பிடிக்கும். 'தடுப்பூசி' பார்க்க ஐந்து எழுத்து, கணக்கில் ஒன்பது. நாங்கள் கடைசியில் வந்துசேர்ந்த வாசகம் இது:

"நாளை கவினுக்குத் தடுப்பூசி. அட்டையோடு வரவும். தேதி தவறினாலும் வரலாம்."

69 இடம்.