பழைய காரில் கூலன்ட் கசிவை வீட்டிலேயே சரிசெய்யும் முறை

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், குறிப்பாகச் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பகுதிகளில், பல வீட்டு வாசல்களில் இன்றும் ஒரு டொயோட்டா டாஸோ சிட்டி கோல்ஃபோ நிற்கிறது. டாஸ் 2006 வரையிலும், சிட்டி கோல்ஃப் 2009 வரையிலும் இந்த நாட்டிலேயே தயாரானவை. எளிய கட்டமைப்புள்ள இந்த வண்டிகளின் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) கசிவைப் பெரும்பாலும் நாமே சரிசெய்துவிடலாம். என்னுடைய டாஸில்தான் நான் இந்த வேலையைக் கற்றுக்கொண்டேன்.

வேலையைத் தொடங்கும் முன் ஒன்றைச் சொல்ல வேண்டும். கூலன்ட் சொட்டும் இடம் வேறு, கசியும் இடம் வேறு. முதல்முறை என் வண்டியின் முன்பக்கத்தில் பச்சை நீர் தேங்கியதைக் கண்டு, ஒரு பழுதுபார்க்கும் கடைக்காரர் சொன்னபடி ரேடியேட்டரையே மாற்றினேன். ஒரு வாரத்தில் அதே இடத்தில் மறுபடியும் நீர் தேங்கியது. உண்மையில் ரேடியேட்டரின் கீழ் ஹோஸை, அதாவது ரப்பர் குழாயை, இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் என்ற பட்டை தளர்ந்து, அங்கிருந்து கசிந்த நீர் ரேடியேட்டரின் அடிவிளிம்பு வழியாக ஓடிவந்து முன்னால் சொட்டியிருக்கிறது. மாற்ற வேண்டியிருந்தது ஒரு கிளாம்ப் மட்டுமே. ஆகவே இந்த வேலையில் பாதி நேரத்தைத் தேடுவதற்கே ஒதுக்குங்கள்.

சிறு கசிவுதானே என்று தள்ளிப்போடவும் கூடாது. ரேடியேட்டர் மூடியில் 0.9 அல்லது 1.1 என்று அச்சிட்டிருக்கும். அது மூடி தாங்கிப் பிடிக்கும் அழுத்தத்தின் அளவு, ‘பார்’ என்ற அலகில். அந்த அழுத்தம் இருப்பதால்தான் கூலன்ட் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. கசிவுள்ள வண்டியில் அழுத்தம் நிற்காது. கடல்மட்டத்திலுள்ள டர்பனிலிருந்து என்3 சாலையில் ஏறிச் சுமார் 1,700 மீட்டர் உயரத்திலுள்ள ஜோகன்னஸ்பர்க்கை அடையும்போது, திறந்த பாத்திரத்தில் வெறும் நீர் ஏறக்குறைய 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். எஞ்சின் வழக்கமாக ஓடும் வெப்பமே 90 டிகிரியை ஒட்டியது என்பதால், ஊருக்குள் தொல்லை தராத கசிவு அந்தச் சாலையிலுள்ள வான் ரீனன் கணவாய் ஏற்றத்தில் எஞ்சினையே கெடுத்துவிடக்கூடும்.

படி 1: ஆறவிடுதல்

எஞ்சினை அணைத்துக் குறைந்தது இரண்டு மணி நேரம் காத்திருங்கள். மேல் ஹோஸைக் கையால் அழுத்திப் பாருங்கள். அது இறுகி விறைத்திருந்தால் உள்ளே இன்னும் அழுத்தம் இருக்கிறது என்று பொருள், மூடியைத் தொடவே கூடாது. சூடாக இருக்கும்போது மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் பீறிட்டு அடிக்கும். பேட்டரியின் நெகடிவ் இணைப்பையும் கழற்றிவிடுங்கள், ஏனெனில் சில வண்டிகளில் சாவி அணைந்திருந்தாலும் மின்விசிறி தானாகச் சுழலத் தொடங்கும்.

படி 2: கசியும் இடத்தைக் கண்டுபிடித்தல்

இரவில் வண்டியின் அடியில் ஓர் அட்டைப்பெட்டியைப் பிரித்து விரியுங்கள். அதில் வண்டியின் முன்பக்கம் எது, சக்கரங்கள் எங்கே என்று பேனாவால் குறித்துவிடுங்கள். காலையில் அட்டையிலுள்ள கறையைப் பாருங்கள். டர்பனின் புழுக்கத்தில் ஏசி ஓடிய வண்டியின் அடியில் தெளிந்த நீர் சொட்டுவது இயல்பு, அதைக் கசிவு என்று எண்ணிப் பலர் அஞ்சுகிறார்கள். ஏசி நீருக்கு மணமும் வழவழப்பும் கிடையாது. கூலன்ட்டுக்கு நிறம் உண்டு, விரல்களுக்கு இடையில் தேய்த்தால் வழுக்கும், இனிப்பு கலந்த மணம் வரும். சுவைத்து மட்டும் பார்க்காதீர்கள், அது நஞ்சு.

அட்டைக் கறைக்கு நேர்மேலே தொடங்கி, விளக்கொளியில் மேல்நோக்கித் தேடிச் செல்லுங்கள். ஈரம் காணும் மிக உயரமான இடமே பெரும்பாலும் கசிவின் தொடக்கம். காய்ந்த கூலன்ட், உப்பளத்து வரப்பில் பூத்த உப்பைப் போல, வெண்பச்சையாகவோ இளஞ்சிவப்பாகவோ படிந்திருக்கும். ஹோஸ்களின் முனைகளைப் பிதுக்கிப் பாருங்கள். என் டாஸின் மேல் ஹோஸ் வெளியே பார்க்க நன்றாகவே இருந்தது. கிளாம்புக்குப் பக்கத்தில் பிடித்து வளைத்தபோதுதான் ரப்பரில் மயிரிழை போன்ற வெடிப்பு வாய்திறந்தது, அதிலிருந்து ஒரே ஒரு பச்சைத் துளி எழுந்து நின்றது.

ஹோஸ்கள் நன்றாக இருந்தால் ரேடியேட்டரின் அலுமினிய உடலும் பிளாஸ்டிக் தொட்டியும் சேரும் விளிம்பைப் பாருங்கள். அடுத்து வாட்டர் பம்பின் அடியிலுள்ள சிறு துளையைப் பாருங்கள்; அதில் தொடர்ந்து நீர் வந்தால் உள்ளிருக்கும் சீல் தேய்ந்துவிட்டது. கோல்ஃப் வண்டிகளில் சிலிண்டர் ஹெட்டோடு ஹோஸ் சேரும் பிளாஸ்டிக் இணைப்பும் வயதாகி வெடிக்கும். பயணியின் காலடி விரிப்பு நனைந்து கண்ணாடியில் எண்ணெய் போன்ற ஆவி படிந்தால் கசிவு ஹீட்டருக்குள் இருக்கிறது.

எங்கும் அகப்படவில்லை என்றால் கைப்பம்புடன் கூடிய பிரஷர் டெஸ்டரைத் தெரிந்த மெக்கானிக்கிடம் இரவல் வாங்குங்கள். ஆறிய எஞ்சினில் மூடிக்குப் பதிலாக அதைப் பொருத்தி, மூடியில் எழுதிய அளவுக்கு மேல் போகாமல் காற்றை ஏற்றுங்கள். பத்து நிமிடத்தில் முள் இறங்கினால் கசிவு இருக்கிறது, அப்போது அது கண்ணுக்கும் தெரியும்.

படி 3: ஹோஸை மாற்றுதல்

கிளாம்ப் மட்டும் தளர்ந்திருந்தால் அதை மாற்றினால் போதும். ரப்பர் வெடித்திருந்தால் டேப் சுற்றாதீர்கள், புது ஹோஸ் வாங்குங்கள். அகன்ற தட்டை அடியில் வைத்து, ரேடியேட்டரின் கீழ்த் திருகைத் திறந்து கூலன்ட்டை வடியுங்கள்; பிளாஸ்டிக் திருகு என்பதால் மெதுவாகத் திருப்ப வேண்டும்.

பல ஆண்டு ஒட்டிக்கிடந்த ஹோஸ் எளிதில் வராது. ஸ்க்ரூடிரைவரைச் செருகி நெம்பினால் ரேடியேட்டரின் பிளாஸ்டிக் கழுத்து உடைந்து, சில நூறு ராண்ட் வேலை பல ஆயிரமாகிவிடும். ஹோஸைக் கையால் இடமும் வலமும் திருகிப் பாருங்கள். அதற்கும் அசையாவிட்டால், பழையது எப்படியும் வீசப்போவதுதான் என்பதால், கழுத்தைத் தொடாமல் கத்தியால் நீளவாக்கில் கீறி உரித்துவிடுங்கள். கழுத்தில் ஒட்டிய பொருக்கை ஈரத்துணியால் துடையுங்கள். உலோகக் கழுத்தானால் மெல்லிய உப்புத்தாளால் தேய்க்கலாம்.

கிளாம்பை ஹோஸில் முதலிலேயே கோத்துவிட்டு, முனையைச் சிறிது கூலன்ட்டால் நனைத்து முழுவதுமாக ஏற்றுங்கள். கிரீஸோ பெட்ரோலோ தடவக் கூடாது. கழுத்தின் நுனியில் ஒரு புடைப்பு வளையம் இருக்கும். கிளாம்ப் அந்த வளையத்தைத் தாண்டி உள்பக்கமாக உட்கார வேண்டும். வளையத்தின் மேலேயே இறுக்கினால் மறுநாளே கசியும். ரப்பர் பிதுங்கும் அளவுக்கு இறுக்க வேண்டாம்.

படி 4: நிரப்பிக் காற்றை வெளியேற்றுதல்

டர்பனில் பனி உறைவதில்லை, குழாய் நீரே போதும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். பழைய வண்டிகளின் ரேடியேட்டர்கள் துருவேறிக் கெடுவதற்கு இந்தப் பழக்கம் ஒரு பெரிய காரணம். கூலன்ட் உறைவதை மட்டும் தடுப்பதில்லை. துருவைத் தடுக்கிறது, கொதிநிலையையும் உயர்த்துகிறது. அடர் கூலன்ட்டையும் காய்ச்சி வடித்த நீரையும் சரிபாதியாகக் கலந்து பயன்படுத்துங்கள். நிறத்தை நம்பாமல் வண்டியின் கைப்புத்தகம் சொல்லும் வகையையே வாங்குங்கள். வெவ்வேறு வகைகளைக் கலந்தால் சில சமயம் கூழாகி அடைத்துக்கொள்ளும்.

முன்பக்கம் மேடாக இருக்கும்படி சரிவில் வண்டியை நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். கீழ்த் திருகை மூடி, மெதுவாக ஊற்றி நிரப்பி, பேட்டரியை இணைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, மூடியில்லாமலே எஞ்சினை ஓடவிடுங்கள். முகத்தையும் கையையும் ரேடியேட்டரின் திறந்த வாயிலிருந்து விலக்கியே வைத்திருங்கள். குமிழிகள் வரும், மட்டம் இறங்கும். இறங்க இறங்க ஊற்றுங்கள். கூலன்ட் சூடானதும் வழிவிடும் தெர்மோஸ்டாட் வால்வு திறந்ததும் மேல் ஹோஸ் சூடாகும். குமிழி நின்றதும் மூடியைப் போட்டு, மின்விசிறி ஒருமுறை ஓடி நிற்கும்வரை வெப்பமுள்ளைக் கவனித்திருங்கள்.

குமிழி ஓயவே ஓயாமல் வந்தாலோ, புகைபோக்கியில் இனிப்பு மணத்துடன் வெண்புகை விடாமல் வந்தாலோ, எஞ்சின் ஆயில் பால் கலந்த தேநீர் போலத் தெரிந்தாலோ ஹெட் கேஸ்கெட் (சிலிண்டர் ஹெட்டுக்கு அடியிலுள்ள கசிவுத் தடுப்புத் தகடு) போயிருக்கலாம். அதை மெக்கானிக்கிடம் விடுங்கள். டைமிங் பெல்ட்டின் பின்னால் அமைந்த வாட்டர் பம்பும் அப்படியே. ரேடியேட்டருக்குள் மஞ்சள்தூளோ முட்டை வெள்ளையோ போடும் பழைய வழக்கத்தைத் தயவுசெய்து பின்பற்றாதீர்கள், ஹீட்டரின் நுண்குழாய்கள் அடைபட்டுவிடும்.

வடித்த கூலன்ட்டை உடனே மூடியுள்ள கேனில் ஊற்றி வையுங்கள். அதன் இனிப்புக்கு நாய்கள் வந்து நக்கும். சிறிதளவே உயிரைப் பறித்துவிடும். தெருவோர மழைநீர்க் கால்வாயிலும் கொட்டக் கூடாது. சாட்ஸ்வொர்த்தின் மழைநீர் உம்ஹ்லதுசானா போன்ற ஆறுகள் வழியே கடலுக்குத்தான் போகிறது. பழைய ஆயிலோடு கலக்காமல் தனியாக வைத்து, அபாயக் கழிவு பெறும் இடத்தில் ஒப்படையுங்கள்.

மறுநாள் காலை, எஞ்சின் ஆறியிருக்கும்போது மூடியைத் திறந்து மட்டத்தைப் பாருங்கள். சிறிது இறங்கியிருக்கும், நிரப்புங்கள். புதிய அட்டையை மூன்று இரவுகள் அடியில் விரித்து வையுங்கள். ரப்பர் சூட்டில் படிந்து அமர்வதால், நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு கிளாம்பின் திருகை மறுபடி ஒருமுறை சரிபார்த்து, தேவைப்பட்டால் கால் சுற்று இறுக்கிவிடுங்கள்.