நூலகவியல் ஆய்வேடுகளை எண்ணிப் பார்ப்பது எப்படி? முதல் தடவை இறங்குபவர்களுக்கு

எம்.எல்.ஐ.எஸ். (நூலகவியல் முதுகலை) படிக்கிறவர்கள் புராஜெக்ட் தலைப்பு தேடும் நேரத்தில் யாராவது ஒருவர், "நம்ம துறையில் இதுவரைக்கும் பிஎச்.டி. எல்லாம் எதைப் பற்றிப் பண்ணியிருக்காங்கன்னு பார்த்துடலாமே" என்று ஆரம்பிப்பார். நல்ல யோசனைதான். வினாநிரலைக் கட்டிக்கொண்டு கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்க வேண்டாம், தரவு இணையத்தில் இலவசமாகக் கிடக்கிறது, ஒரு லேப்டாப்பும் பொறுமையும் இருந்தால் போதும். ஆனால் பலர் கடைசியில் நாலு வண்ண வரைபடத்தை ஒட்டிவிட்டு எழுந்துவிடுகிறார்கள். வரைபடம் போடுவது அரை மணி நேர வேலை. தலைப்புகளைப் படித்து, எது எந்த வகை என்று முடிவு செய்வதுதான் உண்மையான ஆய்வு. நாட்கள் அதில்தான் போகும், போகவும் வேண்டும். நான் செய்து, சொதப்பி, திரும்பச் செய்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

படி 1: எல்லையைக் குறுக்குங்கள்

"இந்திய நூலகவியல் ஆய்வுகளின் போக்கு" என்று ஆரம்பித்தால் முடிக்க மாட்டீர்கள். ஒரு பல்கலைக்கழகம் எடுங்கள், தைரியம் இருந்தால் மூன்று. தமிழ்நாட்டில் சென்னை, அண்ணாமலை, பாரதிதாசன், அழகப்பா, பெரியார் என்று துறை உள்ள இடங்கள் போதுமான அளவு இருக்கின்றன. காலம் பத்து அல்லது பதினைந்து ஆண்டு. எம்.ஃபில்.லைச் சேர்க்க வேண்டாம் என்பது என் கருத்து. 2022 நவம்பரில் வந்த யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதிமுறை எம்.ஃபில்.லையே நிறுத்திவிட்டது; அதைச் சேர்த்து எண்ணினால் கடைசி வருடங்களில் கோடு தொப்பென்று விழும், அதைப் பார்த்து "ஆர்வம் குறைந்துவிட்டது" என்று நீங்கள் எழுதிவிடுவீர்கள்.

கேள்வியும் இரண்டே போதும். எதைப் பற்றி ஆய்வு செய்தார்கள், எந்த முறையில் செய்தார்கள்.

படி 2: ஷோத்கங்காவுக்குப் போங்கள்

காந்திநகரில் இருக்கும் இன்ஃபிலிப்நெட் மையம் நடத்தும் ஆய்வேட்டுக் களஞ்சியம் இது. 2009 யுஜிசி விதிமுறை, பட்டம் கிடைத்ததும் ஆய்வேட்டின் மென்பிரதியைக் கொடுத்தாக வேண்டும் என்று சொன்னதால்தான் இதற்கு உயிர் வந்தது. அதற்கு முந்தைய ஆய்வேடுகள் இருக்காதா என்றால், இருக்கும், அந்தந்தப் பல்கலைக்கழகம் பழையதை எடுத்து ஸ்கேன் செய்திருந்தால். சில இடங்களில் செய்திருப்பார்கள், சில இடங்களில் பழைய தடிப் புத்தகம் இன்னும் துறை நூலக அலமாரியில்தான் இருக்கும். ஆகவே நீங்கள் எண்ணப்போவது ஏற்றப்பட்ட ஆய்வேடுகளை, எழுதப்பட்ட எல்லா ஆய்வேடுகளையும் அல்ல. இதை இப்போதே நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் பல்கலைக்கழகத்தில் பட்டம் வழங்கிய பட்டியலை வாங்கி ஒப்பிடுங்கள்; எத்தனை விட்டுப்போயிருக்கிறது என்பது அப்போதுதான் தெரியும்.

தேடல் பெட்டியில் "லைப்ரரி" என்று தட்டித் தேட வேண்டாம், கணினி அறிவியல்காரர்களின் மென்பொருள் லைப்ரரி எல்லாம் வந்து விழும். பல்கலைக்கழகம், அதற்குள் துறை என்று வரிசையாக இறங்குங்கள். ஒவ்வொரு பதிவிலும் தலைப்பு, ஆய்வாளர், நெறியாளர், குறிச்சொற்கள், முடித்த தேதி, ஏற்றிய தேதி எல்லாம் இருக்கும். கீழே 10603 என்று தொடங்கும் ஒரு நிரந்தர எண்ணும் இருக்கும். அதை மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள், ஒரே ஆய்வேடு இரண்டு தடவை உங்கள் பட்டியலில் ஏறிவிட்டதா என்று பிறகு பார்க்க அதுதான் கைகொடுக்கும்.

இங்கேதான் நான் விழுந்தேன். முடித்த தேதி, ஏற்றிய தேதி இரண்டும் வேறு என்பது தெரியாமல் ஏற்றிய தேதியை எடுத்து வரைபடம் போட்டேன், ஒரு வருடத்தில் கோடு மலை மாதிரி எழுந்து நின்றது, நானும் சந்தோஷமாக "குறிப்பிடத்தக்க வளர்ச்சி" என்று ஒரு பத்தி எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். என் நெறியாளர் கேட்ட ஒரே கேள்வி: "அந்த வருஷம் யாரோ மொத்தமா ஸ்கேன் பண்ணி ஏத்தியிருப்பாங்களோ?" அதேதான் நடந்திருந்தது. வேண்டியது முடித்த தேதி. அது காலியாக இருந்தால் தலைப்புப் பக்கத்துப் பிடிஎஃப்பைத் திறந்து பாருங்கள், மாதமும் ஆண்டும் அச்சாகியிருக்கும்.

படி 3: எக்செல்லில் போடுதல்

ஒரு ஆய்வேட்டுக்கு ஒரு வரி. ஆண்டுக்கான பத்தியை (நெடுவரிசையை) முதலிலேயே 'டெக்ஸ்ட்' என்று மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் எக்செல் தன் இஷ்டத்துக்குத் தேதியாக மாற்றி விளையாடும். முதல் ஷீட்டைத் தொடவே வேண்டாம், எல்லா மாற்றமும் பிரதியில்தான். அவ்வளவுதான் இந்தப் படி.

படி 4: பெயர்களைச் சுத்தம் செய்தல்

நம்மவர் பெயர்களில் இனிஷியல் இருக்கிறதே, அது முன்னால் வரும், பின்னால் வரும், புள்ளியோடு வரும், புள்ளி இல்லாமலும் வரும். கே.எஸ். முருகன் என்று ஒரு நெறியாளர் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 'கே.எஸ். முருகன்', 'முருகன் கேஎஸ்', 'கே. எஸ். முருகன்', 'முருகன், கே.எஸ்.' என்று நாலு விதமாக அவர் ஆங்கிலத்தில் பதிவாகியிருப்பார், பைவட் டேபிள் (எக்செல்லில் எண்ணித் தொகுத்துக் காட்டும் அட்டவணை) அவரை நாலு ஆளாக எண்ணும்.

இதற்கு ஓப்பன்ரிஃபைன் என்ற இலவச மென்பொருள் போதும். பத்தியைத் தேர்ந்து 'கிளஸ்டர்' கொடுத்தால் ஒத்த பெயர்களைக் கூட்டிக் காட்டும். அதில் முதலில் வரும் ஃபிங்கர்பிரின்ட் முறை என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது: எல்லாவற்றையும் சின்ன எழுத்தாக்கி, புள்ளி கமாவை நீக்கி, இடைவெளியில் சொற்களை வெட்டி, அகர வரிசையில் அடுக்கிப் பார்க்கும். ஆகவே 'கே.எஸ். முருகன்', 'முருகன் கேஎஸ்' இரண்டும் ஒன்றாகிவிடும். ஆனால் 'கே' என்பதற்கும் 'எஸ்' என்பதற்கும் நடுவில் ஒரு இடைவெளி விழுந்திருந்தால் அது தனி ஆள். அதற்கு என்-கிராம் முறையில் அளவை 1 என்று வைத்துப் பாருங்கள், அதையும் பிடித்துவிடும். என்ன, பெயரில் உள்ள எழுத்துகளை மட்டும் பார்க்கிற முறை என்பதால் சம்பந்தமில்லாத இருவரையும் சேர்த்துவிடக்கூடும். ஒவ்வொரு கூட்டத்தையும் கண்ணால் பார்த்த பிறகே 'மெர்ஜ்' அழுத்துங்கள்.

படி 5: தலைப்பைப் பிரித்துப் போடுதல்

இதுதான் சாப்பாடு, மற்றதெல்லாம் தொடுகறி.

முதல் ஐம்பது தலைப்பை வரிசையாகப் படித்தாலே ஒரு அச்சு கண்ணில் படும். நானே அந்த அச்சில் ஒன்று வார்க்கிறேன்: "கோயம்புத்தூர் மாவட்டப் பொறியியல் கல்லூரி ஆசிரியர்கள் மின்வளங்களைப் பயன்படுத்தும் முறை: ஓர் ஆய்வு". (மின்வளம் என்றால் கணினியில் படிக்கும் நூல், இதழ், தரவுத்தளம்.) மாவட்டத்தை மாற்று, கல்லூரியை மாற்று, ஆசிரியருக்குப் பதில் மாணவர், மின்வளத்துக்குப் பதில் மின்னிதழ். இன்னொரு ஆய்வேடு தயார். கேலி செய்கிறேன் என்று நினைக்க வேண்டாம், இந்த அச்சே உங்களுக்குச் சௌகரியம்.

தலைப்பு முழுவதற்கும் "பயனர் ஆய்வு" என்று ஒரே லேபிள் ஒட்டாதீர்கள். சீர்காழியில் பிறந்த நூலகவியல் மேதை ரங்கநாதன் 1933-இல், நூல்களைப் பொருள்வாரியாக வகைப்படுத்தும் கோலன் பகுப்பு முறையைத் தந்து நமக்குச் சொல்லிக்கொடுத்ததே, ஒரு பொருளை முழுசாக ஒரு பெட்டிக்குள் திணிக்காமல் முகம் முகமாகப் பிரித்துப் பார் என்பதுதான். வகுப்பில் மனப்பாடம் செய்து தேர்வோடு மறந்த விஷயம் இங்கே அப்படியே உதவும். மேலே சொன்ன தலைப்பை நான்கு பத்தியாக உடையுங்கள்: யார் (பொறியியல் கல்லூரி ஆசிரியர்), எது (மின்வளம்), என்ன செய்கிறார்கள் (பயன்பாடு), எங்கே (கோயம்புத்தூர் மாவட்டம்). இப்படி உடைத்துவிட்டால் பிறகு எந்தப் பக்கத்திலிருந்தும் எண்ணலாம். பொறியியல் கல்லூரிகளை மட்டும் எத்தனை பேர் ஆராய்ந்தார்கள், பொது நூலகத்தை யாராவது தொட்டார்களா, கிராமத்து வாசகர் எங்காவது வருகிறாரா. 1948-லேயே பொது நூலகச் சட்டம் வந்த மாநிலம் நம்முடையது. "யார்" பத்தியில் பொது நூலக வாசகர் எத்தனை தடவை வருகிறார் என்பதை மட்டும் எண்ணினாலும் எனக்கு அது நல்ல புராஜெக்ட்தான்.

ஐந்தாவது பத்தி, முறை. இது தலைப்பில் இருக்காது. சுருக்கத்தைப் படியுங்கள், அதிலும் இல்லையென்றால் ஆய்வு முறை அத்தியாயத்தின் பிடிஎஃப்பைத் திறக்க வேண்டும். சோம்பல் பட்டு "ஸ்டடி என்று இருக்கிறதே, சர்வேதான்" என்று நிரப்பிவிடாதீர்கள்.

படி 6: இன்னொருவரை உட்கார வையுங்கள்

நீங்கள் மட்டும் வகைப்படுத்தினால் அது உங்கள் அபிப்பிராயம். வகுப்புத் தோழர் ஒருவரிடம் 50 தலைப்பைக் கொடுத்து, நீங்கள் போட்டதைக் காட்டாமல் அவரையும் போடச் சொல்லுங்கள். உதாரணத்துக்கு, "சர்வேயா, இல்லையா" என்று கேட்டீர்கள். இருவருமே சர்வே என்றது 28, இருவருமே இல்லை என்றது 13, நீங்கள் மட்டும் சர்வே என்றது 7, அவர் மட்டும் சொன்னது 2. ஒத்துப்போனது 50-க்கு 41, அதாவது 0.82. பார்க்க அழகாக இருக்கிறது, ஆனால் குருட்டாம்போக்கில் போட்டாலும் கொஞ்சம் ஒத்துப்போகுமே, அதைக் கழிக்க வேண்டும். நீங்கள் சர்வே என்றது 35, அவர் 30, ஆக 0.7 × 0.6 + 0.3 × 0.4 = 0.54. இப்போது (0.82 − 0.54) ÷ (1 − 0.54) செய்தால் சுமார் 0.61. இதுதான் கோஹனின் கப்பா. ஏதோ பரவாயில்லை என்கிற அளவு. அந்த 9 தலைப்புகளை எடுத்து இருவரும் உட்கார்ந்து சண்டை போடுங்கள், உங்கள் வகைகளின் வரையறை எங்கே ஓட்டையாக இருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

படி 7: எண்ணுதல்

பைவட் டேபிள் போதும். வருடம் வருடமாகப் பார்க்காமல் ஐந்தைந்து வருடமாகச் சேர்த்துப் பாருங்கள். மூன்று ஆறானதை "நூறு சதவீத வளர்ச்சி" என்று எழுதும் ஆசை அடங்கும்.

விஓஎஸ்வியூவர் மென்பொருளில், எந்தக் குறிச்சொற்கள் சேர்ந்து வருகின்றன என்று காட்டும் வலைப்படம் போட்டே ஆக வேண்டும் என்று சிலர் துடிப்பார்கள். ஷோத்கங்காவில் பல பதிவுகளின் குறிச்சொல் 'சோஷியல் சயின்சஸ்', 'இன்ஃபர்மேஷன் சயின்ஸ் அண்ட் லைப்ரரி சயின்ஸ்' என்று பொத்தாம்பொதுவாக இருக்கும். படம் நடுவில் ஒரு பெரிய பூசணிக்காயும் சுற்றி நாலு கடுகுமாக வரும். வேண்டுமானால் ஐந்தாம் படியில் நீங்களே போட்ட வகைகளை வைத்துப் போடுங்கள்.

இன்னொன்று, லோட்கா விதி. 1926-இல் லோட்கா சொன்னது கட்டுரை எழுதுபவர்களைப் பற்றி: ஒரே கட்டுரை எழுதியவர்கள் நூறு பேர் என்றால் இரண்டு எழுதியவர்கள் சுமார் 25. இதை அப்படியே நெறியாளர்களுக்குப் பொருத்திப் பார்ப்பவர்கள் உண்டு. பேராசிரியர் ஒரே சமயத்தில் 8 பிஎச்.டி. மாணவர், இணைப் பேராசிரியர் 6, உதவிப் பேராசிரியர் 4 என்று யுஜிசி உச்சவரம்பே வைத்திருக்கிறது. விதிமுறை போட்டு அடைத்த கூட்டத்தில் இயல்பான பரவலைத் தேடி என்ன ஆகப் போகிறது?

படி 8: ஏன் என்று கேளுங்கள்

எண் வந்ததும் நிறுத்திவிடாதீர்கள். மின்வளப் பயன்பாடு பற்றி இத்தனை ஆய்வு ஏன்? பல்கலைக்கழகங்களுக்கு மின்னிதழ்கள் தரும் யுஜிசி-இன்ஃபோநெட் வந்தது, கல்லூரிகளுக்கு அதே மாதிரி என்-லிஸ்ட் வந்தது, 2015-இல் எல்லாம் சேர்ந்து இ-ஷோத்சிந்து ஆனது. இவ்வளவு பணம் போட்டு வாங்கியதை யார் திறந்து பார்க்கிறார்கள் என்று கேட்பது இயல்புதானே. அதோடு, பகுதிநேரமாகப் பிஎச்.டி. செய்கிற கல்லூரி நூலகர் ஒருவருக்கு, வேலை முடிந்து பக்கத்து ஐந்து கல்லூரிகளில் வினாநிரல் கொடுக்க முடியும், அவ்வளவுதான் முடியும். சயின்டோமெட்ரிக்ஸ் (ஆய்வுக் கட்டுரைகளை எண்ணி அளப்பது) பக்கம் போகிறவர்களுக்கும் அதேதான், வெப் ஆஃப் சயின்ஸ் என்ற கட்டுரைத் தரவுத்தளத்தில் இறக்கிய தரவோடு வீட்டிலேயே உட்கார்ந்து முடிக்கலாம். தலைப்பின் அச்சுக்குப் பின்னால் ஆளின் நேரமும் பஸ் கட்டணமும் இருக்கின்றன. என் ஊகம், ஆய்விதழ்களுக்கு மத்திய அரசே மொத்தமாகச் சந்தா கட்டும், 2025-இல் நடைமுறைக்கு வந்த 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தை வைத்து அடுத்த ஐந்து வருடத்தில் ஒரு அலை வரும். உங்கள் ஷீட்டில் அதற்கும் ஒரு வகையை இப்போதே திறந்து வையுங்கள்.

எழுதும்போது தரவை எந்தத் தேதியில் எடுத்தீர்கள் என்பதைக் கட்டாயம் போடுங்கள். களஞ்சியத்தில் தினமும் ஏதாவது ஏறிக்கொண்டே இருக்கிறது; அடுத்த மாதம் உங்கள் நெறியாளர் திறந்து பார்த்து "எட்டு கூடுதலா இருக்கேப்பா" என்பார். வகைகளின் வரையறையை ஒரு பக்கமாகப் பின்னிணைப்பில் சேருங்கள், அந்த 9 தலைப்புச் சண்டையில் என்ன முடிவெடுத்தீர்கள் என்பதோடு.