அசீரியச் சிங்கங்களைப் பார்த்து ஏமாறாதீர்கள்

இன்றைய இராக் பகுதியில் இருந்த பழைய அசீரிய அரசின் ராஜா அசுர்பனிபால். பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கும் அவனுடைய சிங்க வேட்டைச் சிற்பங்களைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். முதுகெல்லாம் அம்பு தைத்து, பின்னங்கால்கள் செயலிழந்து, முன்னங்கால்களை ஊன்றி உடம்பை இழுத்தபடி உறுமும் பெண் சிங்கம் ஒன்று அதில் உண்டு. உடனே "சிற்பி சிங்கத்தின் பக்கம், ராஜாவை உள்ளுக்குள் திட்டுகிறான்" என்று எழுதிவிடுகிறோம். இதுதான் பெரிய தப்பு. நமக்கு மனசு இளகுகிறது, சரி. ஆனால் செதுக்கச் சொன்னது அதே ராஜா, கி.மு. 645 வாக்கில், தலைநகர் நினிவேயில் தன் அரண்மனைச் சுவருக்காக. சிங்கம் எவ்வளவு மூர்க்கமாகச் சாகிறதோ, கொன்றவன் அவ்வளவு பெரியவன். எலியைக் கொன்றதை யாராவது சுவரில் செதுக்குவார்களா?

அப்புறம், இது காட்டு வேட்டை இல்லை. ஓரத்தில் பாருங்கள்: ஒரு கூண்டு, அதன் மேல் இன்னொரு சின்னக் கூண்டு, அதற்குள் பத்திரமாக உட்கார்ந்து ஒரு ஆள் கதவைத் தூக்குகிறான், சிங்கம் வெளியே வருகிறது. சுற்றிலும் கேடயக்காரர்கள், வேட்டை நாய்கள். வேடிக்கை பார்க்க ஜனங்கள் மேட்டில் ஏறி நிற்கிறார்கள். இன்னொரு பலகையில், செத்த சிங்கங்கள் மேல் ராஜா மது வார்த்துப் படைக்கிறான். விளையாட்டு என்பதைவிட, அரசாங்கச் சடங்கு என்பதே பொருத்தம். சிங்கத்தைக் குத்தும் ராஜாதான் அசீரிய அரச முத்திரையிலும்!

அதற்காகச் சிங்கம் என்றாலே எதிரி என்றும் முடிவு கட்டாதீர்கள். முன்பு ஆண்ட இன்னொரு அசீரிய ராஜா இரண்டாம் அசுர்நாசிர்பால் (ஆட்சி கி.மு. 883-859) தன் கல்வெட்டில் "நான் சிங்கம்" என்று தன்னையே சொல்லிக்கொள்கிறான், 450 சிங்கங்களைக் கொன்றதாகவும் பீற்றிக்கொள்கிறான். நிம்ருத் நகரில் அவனுடைய அரண்மனை வாசலில் மனித முகமும் இறக்கையும் வைத்துக் காவல் நின்ற சிலைகளில் காளை உடம்பும் உண்டு, சிங்க உடம்பும் உண்டு. அவற்றுக்கு ஐந்து கால் இருப்பதைப் பார்த்துச் சிற்பிக்கு எண்ணத் தெரியவில்லை என்று சிரிக்க வேண்டாம். முன்னால் நின்றால் இரண்டு கால், அசையாமல் நிற்கும். பக்கவாட்டில் போனால் நான்கு, நடக்கும்.

கல்லின் நிறத்தையும் நம்பாதீர்கள், இவற்றில் வண்ணம் பூசியிருந்தார்கள்.

கடைசியாக ஒன்று. ராஜா ஒரு சிங்கத்தின் வாலைப் பிடித்திருக்கும் காட்சியில் வால் மட்டும் கொத்தப்பட்டிருக்கிறது. ஏதோ கல் பெயர்ந்திருக்கிறது என்று தாண்டிப் போய்விடுவோம். கி.மு. 612-இல் நினிவே எதிரிகளிடம் விழுந்தபின் யாரோ உளி எடுத்து அந்தச் சிங்கத்தை விடுவித்திருக்க வேண்டும் என்கிறார்கள் ஆய்வாளர்கள்.