ராமேஸ்வரம் போகிறீர்களா? பையை யார் பார்த்துக்கொள்வது?

பொது இடத்தில் பையை ஆளில்லாமல் விட்டுப் போகக் கூடாது என்று சிங்கப்பூரில் இருப்பவர்களுக்குச் சொல்லித்தரவே வேண்டாம். 2017இல் ஹவ்காங் எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) நிலையத்தில் ஒருவர் பெட்டியை வைத்துவிட்டுப் போனதால் நிலையத்தையே கொஞ்ச நேரம் மூடினார்கள். அப்புறம் பொதுத்தொல்லை வழக்கு, 1000 சிங்கப்பூர் வெள்ளி அபராதம். அங்கே அவ்வளவு கவனமாக இருக்கும் நம் ஆட்கள்தான் ராமேஸ்வரத்தில் இறங்கியதும் பையைப் படிக்கட்டில் போட்டுவிட்டுக் கடலுக்குள் ஓடுகிறார்கள். கேட்டால், நம்ம ஊர்தானே!

சிக்கல் தொடங்குவது கோயிலுக்கு எதிரே உள்ள கடல்துறையான அக்னி தீர்த்தத்தில். கடலில் முழுக்குப் போட்டு, ஈரத்துணியோடு கோயிலுக்குள் போய் 22 தீர்த்தங்களிலும் (புனிதக் கிணறு, குளங்கள்) நீராட வேண்டும். வாளி வாளியாகத் தலையில் தண்ணீர் விழும். பை இருந்தால் அதுவும் சேர்ந்து குளிக்கும். எல்லாம் முடிந்து சாமி பார்க்க உலர்ந்த துணி மாற்றியாக வேண்டும், அந்தத் துணியோ பைக்குள். அதனால் அறை போடாமல் தீர்த்தமாடப் போகாதீர்கள். முடியாவிட்டால் இரண்டு குழுவாகப் பிரிந்து, ஒரு குழு பையோடு உட்காரட்டும். பக்கத்தில் இருக்கும் முகம் தெரியாத குடும்பத்திடம் "கொஞ்சம் பார்த்துக்குங்க" என்று சொல்லிப் போவது அவர்களுக்கும் சங்கடம். கோயிலுக்குள் செல்போன் கூடாது என்பதால், எந்த வாசலில் சந்திப்பது என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். ஆடி அமாவாசை, தை அமாவாசை என்றால் கூட்டத்தில் ஆளையே தேட வேண்டியிருக்கும், பையை எங்கே தேடுவது?

சட்டம் என்று பார்த்தால், பொதுவழியை மறித்து எதையாவது வைத்தால் இந்தியக் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 285ஆம் பிரிவில் 5000 ரூபாய் வரை அபராதம் உண்டு. சுதந்திர தினம், குடியரசு தினம், டிசம்பர் 6 (பாபர் மசூதி இடிக்கப்பட்ட நாள்) சமயங்களில் பாம்பன் பாலம், ரயில் நிலையம், கோயில் எல்லாவற்றிலும் சோதனை கெடுபிடியாக இருக்கும். அந்த நாட்களில் ஆளில்லாத பை என்றால் மோப்ப நாய் வரும், வெடிகுண்டு நிபுணர்கள் வருவார்கள், உங்கள் அரை நாள் போய்விடும். "உள்ளே குண்டு இருக்கு" என்ற விளையாட்டுப் பேச்சு வேண்டவே வேண்டாம்.

இந்தக் கடற்கரைக்கென்று இன்னொன்றும் உண்டு. இலங்கை கூப்பிடு தூரம். மண்டபம், வேதாளை, தனுஷ்கோடி பக்கம் கரையோரமாகக் கேட்பாரற்றுக் கிடக்கும் மூட்டையைப் பார்த்தால் போலீசுக்குக் குண்டைவிடக் கடத்தல்தான் முதலில் நினைவுக்கு வரும்: கஞ்சா, பீடி இலை, தங்கம், கடல் அட்டை. தொட்டுப் பார்க்காதீர்கள், படம் எடுக்கக் கிட்டே போகாதீர்கள். விலகி நின்று 112 அல்லது கடலோரக் காவல் எண் 1093க்குச் சொல்லுங்கள். ரயிலிலும் நிலையத்திலும் 139. "இந்தப் பார்சலை மதுரை வரைக்கும் கொண்டு போய்க் கொடுங்க அண்ணே" என்று கேட்பவர் எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும் சரி, மறுத்துவிடுங்கள். பிடிபட்டால், எனக்குத் தெரியாது என்று நிரூபிக்க வேண்டிய பாடு உங்களுக்குத்தான்.

பையில் பெயரும் உள்ளூர் செல்போன் எண்ணும் எழுதி ஒட்டுங்கள். வெளிநாட்டு எண்ணுக்கு யாரும் கூப்பிட மாட்டார்கள். பாஸ்போர்ட்டை அறையில் பூட்டி வையுங்கள், நகல் மட்டும் கையில் இருக்கட்டும். வெளிநாட்டு பாஸ்போர்ட் தொலைந்தால் முதலில் போலீஸ் புகார், பிறகு உங்கள் நாட்டுத் தூதரகத்தில் மாற்று ஆவணம், அதற்கும் மேலே வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்தில் வெளியேறும் அனுமதி என்று வரிசையாக அலைய வேண்டும். அதனால் பயணத்தின் கடைசி இரண்டு நாளுக்கு ராமேஸ்வரத்தை வைக்காமல், வந்ததும் முதல் வாரத்திலேயே போய் வந்துவிடுங்கள்.