மடிப்பைத் தேய்க்காதீர்கள்: துணி மோகத்தைப் போர்ட்ரெய்ட்டில் சொல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்குக் கேட்லாக் படம் எடுப்பது என் தொழில். மிச்ச நேரத்தில், தேவைக்கு மேல் துணி வாங்கிச் சேர்க்கும் நம் பழக்கத்தைப் பற்றி ஒரு போர்ட்ரெய்ட் தொடர் எடுத்துவருகிறேன். ஃபேஷனையும் நுகர்வுக் கலாச்சாரத்தையும் படமாக்க ஆசைப்படும் இளைஞர்கள் சிலர் தங்கள் படங்களைக் கொண்டுவந்து காட்டுவதுண்டு. அவற்றில் சில தவறுகள் திரும்பத் திரும்ப வருகின்றன. பாதிக்கு மேல் நானும் செய்தவைதான்.

முதல் தவறு விளம்பர வெளிச்சம். கேட்லாக் படத்துக்கு இரண்டு பக்கமும் சாஃப்ட்பாக்ஸ் (வெளிச்சத்தை மென்மையாக்கும் பெட்டி விளக்கு) வைப்போம், பின்னால் வெள்ளைத் திரை, சட்டை உடம்போடு ஒட்டி நிற்க முதுகுப் பக்கம் கிளிப் போட்டு இறுக்குவோம். துணியை விற்பதற்கென்றே உருவான வெளிச்சம் அது. அதே வெளிச்சத்தில் "வாங்காதே" என்று சொல்ல வந்தால், பார்ப்பவர் கண்ணுக்கு இன்னொரு விளம்பரமாகத்தான் தெரியும். என் தொடரின் முதல் படங்களைப் பார்த்த நண்பர், "இந்தச் சட்டை எந்தக் கடையில் எடுத்தது?" என்றுதான் கேட்டார். அந்தப் படங்களை மொத்தமாக ஒதுக்கிவிட்டேன். இப்போது பெரும்பாலும் ஒரே ஜன்னல் வெளிச்சம். கேட்லாக் பாணியைத்தான் கேள்வி கேட்கப்போகிறீர்கள் என்றால், அந்தக் கிளிப்புகளே தெரியும்படி பக்கவாட்டில் நின்று எடுங்கள். முன்னால் கச்சிதமான சட்டை, முதுகில் வரிசையாக நாலு கிளிப். வேறு விளக்கம் வேண்டியதில்லை.

அடுத்தது ஸ்டைலிங். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பக்கத்துத் தெரு அக்கா ஒருவரிடம், பீரோவைத் திறந்துவைத்து அதன் முன்னால் அவரைப் படம் எடுக்கலாமா என்று கேட்டேன். "எத்தனை சீலை இருக்குதுன்னு எனக்கே தெரியாது தம்பி" என்றபடி ஒன்றை உருவினார். அரக்கு நிறப் பட்டு, அகலமான பார்டர். எடுத்து எட்டு வருஷம் ஆகிவிட்டது, ஒரு தடவைகூட உடுத்தவில்லை. விரித்ததும் அந்துருண்டை வாசனை அடித்தது. கடைக்காரர் மடித்த மடிப்பு அப்படியே கோடு கோடாக நின்றது. மடிப்பு விழுந்த இடங்களில் ஜரிகை கறுத்து, ஓரிடத்தில் இழை விட்டிருந்தது. ஜாக்கெட் துணியைக்கூட வெட்டவில்லை. சேலையோடு சேர்ந்தே இருந்தது.

ஸ்டைலிங் உதவிக்கு வந்திருந்த பெண் பழக்க தோஷத்தில் இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கப் போனார். நான் தடுத்தேன். அந்த மடிப்புக் கோடுகள்தானே படம்! உடுத்திய சேலையில் கோடு நிற்காது, உடம்பின் சூட்டிலும் நடமாட்டத்திலும் கலைந்துவிடும். வாங்கி வைத்ததோடு சரி என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி எங்கே கிடைக்கும்? சுருக்கத்தை எடுப்பதும் குறையை மறைப்பதும்தான் ஸ்டைலிங் என்று பழகியிருக்கிறோம். இந்த மாதிரிப் படங்களுக்கு அது நேர்மாறாக வேலை செய்ய வேண்டும். டி-சர்ட்டின் நெஞ்சில் உரிக்காத சைஸ் ஸ்டிக்கர், டேக் தொங்கிய பிளாஸ்டிக் இழை, இரண்டே சலவையில் தொளதொளத்த கழுத்து எல்லாம் இருக்க வேண்டிய இடத்திலேயே இருக்கட்டும். எடிட்டிங்கில் உட்கார்ந்து அழிக்கவும் வேண்டாம். அதற்காக, இல்லாத மடிப்பை இஸ்திரி வைத்து உண்டாக்குவதும், பழைய சட்டையில் புது டேக்கைக் கட்டிவிடுவதும் கூடாது. அது பொய்ச் சாட்சி.

என்னை மிகவும் வருத்துவது, ஏழ்மையைக் கடன் வாங்கும் தவறு. 2008 ஆகஸ்ட் வோக் இந்தியா இதழில் ஒரு ஃபேஷன் தொடர் வந்தது. பல் போன மூதாட்டி ஒருவர் குழந்தையை வைத்திருக்கிறார், குழந்தையின் கழுத்தில் சுமார் 100 டாலர் விலையுள்ள ஃபெண்டி பிப் (எச்சில் துணி). இன்னொரு படத்தில், செருப்பில்லாத ஒருவர் கையில் சுமார் 200 டாலர் பர்பெரி குடை. குறிப்புகளில் பிராண்டின் பெயர் இருந்தது, மனிதர்களின் பெயர் இல்லை. இந்தியாவிலும் வெளியிலும் கடும் கண்டனம் எழுந்தது. சரி, அது பொருளை விற்கும் பத்திரிகை. ஆனால் நுகர்வை விமர்சிக்க வந்தவர்களும் இதையேதான் செய்கிறார்கள். பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருக்கும் பாட்டி கையில் பிராண்டு பையைக் கொடுத்து "முரண்" என்கிறார்கள். அந்தப் பாட்டிக்கும் அந்தப் பைக்கும் என்ன சம்பந்தம்? வாங்கிக் குவிப்பவர் அவரில்லையே. படத்தில் நிற்க வேண்டியது வாங்கும் நாம்.

இடங்களுக்கும் இதே கதைதான். நொய்யல் ஆற்றின் சாயத் தண்ணீரை ஒட்டி மாடலை நிறுத்தி எடுத்த படங்களை எத்தனையோ பேர் கொண்டுவந்திருக்கிறார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் இங்கே சாய, சலவை ஆலைகளை மூடச் சொன்னதும், அதனால் ஊரே வேலையின்றி நின்றதும் அவர்களில் பலருக்குத் தெரியவில்லை. ஆறு அவர்களுக்கு வண்ணத்திரை. ஆற்றைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் அதன் கரையில் விவசாயம் பார்த்தவரின் முகத்தை எடுங்கள். மாடல் தேவையில்லை.

அப்புறம் குறியீடுகள். நெற்றியில் பார்கோடு, கையில் ட்ராலி, கழுத்தில் விலைச்சீட்டு மாலை. இவை பார்த்துப் பார்த்துத் தேய்ந்துபோனவை, விட்டுவிடலாம். முகத்தில் பாலிதீன் கவரைச் சுற்றி எடுக்கும் பழக்கம் ஒன்றும் இருக்கிறது. அதைக் கட்டாயம் நிறுத்துங்கள், மூச்சு முட்டி உயிருக்கே ஆபத்தாகும்.

வாங்குபவர் என்றாலே பெண்ணைக் காட்டுவதையும் கைவிட வேண்டும். நான் எடுத்தவர்களில் டப்பாவைக்கூடப் பிரிக்காமல் ஷூ சேர்ப்பவர் ஓர் ஆண், ஐ.டி. வேலையில் இருக்கும் தம்பி. இந்த விஷயத்தில் எனக்குப் பிடித்த முன்மாதிரி, நெதர்லாந்தின் ராட்டர்டாமில் அரி வெர்ஸ்லுய்ஸ், எல்லி உட்டன்புரூக் இருவரும் 1994-இல் தொடங்கிய புகைப்படத் தொடர். ஒரே மாதிரி உடுத்தும் 12 பேரை ஒரே நிலையில், ஒரே வெளிச்சத்தில் நிறுத்தி, கட்டம் கட்டமாக வைப்பார்கள். ஆண், பெண், இளையவர், முதியவர் எல்லோரும் அதில் உண்டு. யாரையும் கேலி செய்வதில்லை. "என் ஸ்டைல்" என்று நாம் நினைப்பது எவ்வளவு பேருக்குப் பொது என்பது தானாகப் புலப்படும்.

படத்துக்காகப் புதுத் துணி வாங்கி, டேக்கை உள்ளே செருகி உடுத்த வைத்து, மறுநாள் கடையில் திருப்பிக் கொடுப்பது சகஜமாகிவிட்டது. எதைக் கண்டித்துப் படம் எடுக்கிறோமோ அதையே செய்கிறோம். படத்துக்கு உட்காருபவரின் பீரோவே போதும். வேறு துணி வேண்டுமென்றால் காதர்பேட்டையில் செகண்ட்ஸ் கிடைக்கும். ஒரு தையல் கோணலால் ஏற்றுமதி ஆகாமல் நின்றுபோன துணிகளும் அதில் வரும். அந்தக் கோணலுக்கே ஒரு படம் எடுக்கலாம்.

தொழில்நுட்பத்தில் ஒன்று மட்டும். 85 எம்எம் லென்ஸை எஃப் 1.8-இல் திறந்துவைத்தால் கண் மட்டும் கூர்மையாக இருக்கும், துணி கரைந்துபோகும். இங்கே துணியும் பேச வேண்டும். லென்ஸின் துளையைச் சுருக்கி எஃப் 8-க்குப் போங்கள். உள்ளே வரும் வெளிச்சம் குறையும், அதனால் கேமரா ஆடாமலிருக்க ஸ்டாண்டு போட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாகப் படக்குறிப்பு எழுதுவது. ஒரு காட்டன் டி-சர்ட்டுக்குச் சராசரியாக 2,700 லிட்டர் தண்ணீர் என்று பரவலாகச் சொல்லப்படும் கணக்கை முகத்துக்குக் கீழே அச்சடித்தால், உட்கார்ந்திருப்பவர் குற்றவாளிக் கூண்டில் நிற்பதுபோல் ஆகிவிடுகிறது. நாமாக ஊகித்து எழுதுவது அதைவிட மோசம். அரக்குச் சேலைப் படத்துக்கு "ஆசைக்கு வாங்கியது, உடுத்த நேரமில்லை" என்று எழுதி வைத்திருந்தேன். பிரிண்ட்டைக் கொண்டுபோய்க் காட்டியபோது அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. "தீபாவளிக்கு எடுத்தது தம்பி. அதுக்குள்ள அப்பா தவறிட்டார். அந்த வருஷம் எங்களுக்குத் தீபாவளி இல்ல. அப்புறம் அதைக் கட்டத் தோணல" என்றார். நான் எழுதியதை அடித்துவிட்டு, அவர் சொன்னதையே போட்டேன்.

அவரே பீரோவிலிருந்து இன்னொரு சேலையை எடுத்துக் கொடுத்தார். மடிப்புக்கூடக் கலையாத பச்சைப் பட்டு. "இதுக்கு வேணா எழுதிக்கங்க. தள்ளுபடி போட்டாங்க, எடுத்துட்டேன்." தொடரில் அவருடைய இரண்டு படங்களும் அடுத்தடுத்து இருக்கின்றன.